பட்டணம் எது? பட்டிக்காடு எது?



ஜனங்கள் எங்கெங்கே, எவ்வளவு நெருக்கமாக வசிக்கிறார்கள் என்பதை எப்படிக் கண்டறிவது என்பதே இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம். இது உத்தியோகஸ்தர் வேலை, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரும், சாக்கடையும், பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பங்கிடப்படுகின்றன. கணக்கில் விடுபட்டவன் பங்கிலும் விடுபட்டவனேயாவான்.

முனிசிபாலிட்டி இல்லாத ஓர் ஊரைப் பட்டணம் என்று சென்சஸ்காரர் ஒப்புக்கொள்ள மூன்று பரீட்சைகள் உண்டு. 5,000 பேராவது இருக்க வேண்டும். சதுர கிலோ மீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். முக்கியமாக வேலை செய்து பிழைக்கும் ஆண்களில் 100-க்கு 75 பேராவது விவசாயமல்லாத தொழிலில் இருக்க வேண்டும்.

இதன் பலனைக் கேரளத்தில் பாருங்கள். 2001-ல் இப்படிப்பட்ட ஊர்கள் அங்கு 99, 2011-ல் 461. பட்டணவாசிகள் 100-க்கு 26 பேராயிருந்தது 48 பேராயிற்று. இத்தனை பேரும் பத்து வருஷத்தில் மூட்டை கட்டிக் கொண்டு பட்டணத்துக்கா போய்விட்டார்கள்? இல்லை. பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஊருக்குக் கணக்கிலே பெயர் மாறிற்று. பெயர் மாறியதே தவிர, அவ்வூர்களுக்கு முனிசிபாலிட்டி வரவில்லை, பஞ்சாயத்தே ஆண்டது. பட்டணத்து நெருக்கடி மாத்திரம் வந்து, பட்டணத்து நிர்வாகம் வராவிட்டால் அது யாருக்கு லாபம்?

நிற்க. சென்சஸ் தரும் எண் ஓர் எல்லைக்குட்பட்ட மொத்த எண்ணேயாகும். அதைப் படத்தில் சமமாகப் பரப்பினால் ஏரிக்குள்ளும் ஆள் குடியிருப்பதாக ஆகும்! இங்கேதான் செயற்கைக் கோள் உதவுகிறது. 1972 முதல் லேண்ட்சாட் என்னும் கோள்கள் பூமியைப் படமெடுத்து வருகின்றன. அப்படங்களில் கட்டடமுள்ள இடத்தைப் பிரித்தறிந்து, சென்சஸ் எண்ணை அங்கே பங்கிட்டால், ஜனங்கள் இருக்குமிடம் ஏறக்குறைய விளங்கும். இவ்விதம் பூமியைச் சதுர கிலோ மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு 1,500 பேராவது உள்ளவை சேர்ந்து மொத்தம் 50,000 பேராவது இருந்தால் நகரம் என்று எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோலை 2020-ல் ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவரக் கமிஷன் ஏற்றது.

ஆனால் வானத்திலிருந்து வந்தது என்றாலே நம்பிவிடும் வழக்கம் நம் ஜனங்களுக்கு உண்டு. இந்தப் படத்தையும் அப்படி நம்பிவிடக் கூடாது. கோள் கூரையைப் பார்க்குமே தவிர, கூரைக்குள் எத்தனை பேர் என்று பாராது. ஆளில்லாத கிடங்கும் அதற்குக் கட்டடம்தான். மரத்தடிக் குடிசை அதன் கண்ணில் படாமலே போகலாம். இரவில் விளக்கு அதிகம் எரியுமிடத்தில் ஜனம் அதிகம் என்பதும் நிச்சயமில்லை. பணம் அதிகம் என்பதாகவும் இருக்கலாம்.

ஆகையால் ஆளை எண்ண ஆள்தான் போக வேண்டும். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. 2027 மார்ச்சு 1-ந் தேதியைக் குறித்துக் கணக்கெடுப்பதாக 2025-ல் சர்க்கார் அறிவித்தது. இடையில் எழுந்த தெருக்களைப் படம் காட்டும். அத்தெருக்களில் உள்ளவர்களைக் கணக்கே காட்டும். ஒன்றைக் கொண்டு மற்றதைச் சோதிப்பதே அறிவுடைமையாகும்.

ஆகவே தோழர்களே! கணக்கெடுப்பவர் வரும்போது குடிசையும் ஓரத் தெருவும் விடுபடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். பிறகு, எங்களைப் பட்டணமென்று எழுதினீர்களே, பட்டணத்துக்குள்ள வசதி எங்கே என்று கேளுங்கள் என்று கூறி முடித்துக் கொள்ளுகிறோம்.