ஆபத்துக்கு உதவும் அமெச்சூர் வானொலி
(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வானொலி என்றதும் பாட்டும் செய்தியுமே நம் நினைவுக்கு வருவன. அங்கே பேசுபவர் ஒருவர். கேட்பவர் ஆயிரம் பேர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட அமெச்சூர் வானொலியோ அத்தகையதன்று. இதிற் கேட்பவரும் பேசலாம். வீட்டு அறையொன்றிற் சிறு நிலையம் அமைத்து, கடல் கடந்த நாட்டவரோடும் ஊதியம் எதுவும் கருதாது தொடர்பு கொள்வதே இக்கலை. இதில் ஈடுபட்டோரை ‘ஹாம்’ என அழைப்பர்.

1912 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றி, இவர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளுக்குள் ஒதுக்கிவைத்தது. அவ்வலைகள் தூரம் செல்லா என்பதே அன்றைய எண்ணம். ஒதுக்கப்பட்டவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1923 நவம்பரில், பிரான்சு தேசத்து நீஸ் நகரிலிருந்த லெயோன் டெலோய், அமெரிக்காவிலிருந்த பிரெட் ஷ்னெல், ஜோன் றைனாட்ஸ் ஆகியோருடன் ஏறத்தாழ 110 மீற்றர் அலையில் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி இருவழித் தொடர்பு கொண்டார். மேல்வானிலுள்ள அயனமண்டலம் சிற்றலைகளைப் பூமிக்குத் திருப்பிவிடுகின்றது. பயனற்றதென்று தள்ளிய அலையே உலகை இணைக்கும் அலையாயிற்று.

“கையிலே தொலைபேசி இருக்க, இஃது எதற்கு?” என்று பெரியோர் சிலர் கேட்கலாம். கைத்தொலைபேசி தனித்து இயங்குவதன்று. கோபுரம் சாயாதிருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். நிலையங்களை இணைக்கும் தொடர்பு அறாதிருக்க வேண்டும். புயலும் வெள்ளமும் முதலிற் பறிப்பவை இவற்றையே. ஹாம் ஒருவருக்கோ ஒரு கருவியும், மோட்டார்க் கார்ப் பற்றரியும், இரு தென்னைகளுக்கிடையே கட்டிய ஏறத்தாழ 66 அடிச் செம்புக் கம்பியும் போதும். 40 மீற்றர் அலையில் அவர் நாட்டின் மறுகோடியோடு பேசலாம்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் இதற்குச் சான்று. பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி, அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் தொடர்பு கொள்வதற்காகப் போர்ட் பிளேயர் சென்றிருந்தார். அன்று காலை நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது, தொலைபேசிகள் ஊமையாயின. அவரோ தம் நிலையத்தை மீண்டும் அமைத்து, உறவினரைத் தேடித் தவித்தோரின் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பினார். அவர் குழுவினர் கார் நிக்கோபார் தீவுக்கும் கருவியோடு சென்றனர். அதே பேரழிவில் எமது நாட்டிலும் அமெச்சூர் வானொலியினர் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தனர்.

செய்தியின்றிக் காத்திருக்கும் வேதனை எமது பெரியோருக்குப் புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணத்தவர் பல ஆண்டுகள் தொலைபேசியின்றி வாழ்ந்தனர். “உயிரோடிருக்கிறோம்” என்னும் இரு சொற்களின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கருவியை விலைக்கு வாங்கலாம். பழக்கத்தை வாங்க முடியாது. பாரதி பிரசாத் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டு உதவினாரல்லர். விளையாட்டாகப் பழகிய கையே வேளை வந்தபோது தொண்டு செய்தது. ஒருவர் பேச மற்றவர் கேட்டிருத்தல், தம் அழைப்புக் குறியைத் தவறாது கூறுதல், செய்தியைக் கூட்டாது குறைக்காது சேர்ப்பித்தல், ஆபத்துக் குரல் எழுந்ததும் ஏனையோர் மௌனமாதல் ஆகிய இவையே இக்கலையின் ஒழுக்கங்கள். இவை ஒரு நாளில் வருவனவல்ல.

எவரும் நினைத்தவுடன் ஒலிபரப்பவும் இயலாது. பரீட்சையிற் சித்தியெய்தி, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். இதனை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது. ஆயின் கேட்பதிலிருந்து தொடங்கலாம். கேட்கத் தெரிந்தவரே நல்ல ஹாம் ஆவார்.

ஆகவே, எமது சங்கத்து இளைஞர் ஐவராவது ஒன்றுகூடி அப்பரீட்சைக்குப் படிக்க முன்வர வேண்டும். பெரியோர் ஓர் அறையும் ஒரு மேசையும் தந்துதவ வேண்டும். அடுத்த புயல் எப்போது வருமென நாம் அறியோம். அது வருமுன் கற்றுக்கொள்வது எம் கையில் உள்ளது.