வங்கத் துறவியும் ஏழு சிறுவரும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



டாலிகஞ்சில் தெருவில் வாழும் சிறார்க்கென நமது சங்கம் ஓர் இல்லம் தொடங்கலாமா என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவன். புலவர் நிறைந்த அவையில் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும் சியால்டா நடைமேடையை அன்றாடம் மிதிப்பவன். தனியே வண்டியிறங்கும் பிள்ளைகளைக் காண்பவன். அவ்வுரிமையில் பேசத் துணிகிறேன்.

“நிதி சேரட்டும், கட்டிடம் எழட்டும், பிறகு பார்ப்போம்” என்பது நம்மில் பலர் கருத்து. அதற்கு ஒரு வரலாற்றையே விடையாகக் கூறுவேன்.

ஹுக்ளி மாவட்டத்தில் 1863-இல் பிறந்த சசிபூஷணர், துறவு பூண்டு இராமகிருஷ்ணானந்தர் ஆனார்; விவேகானந்தர் பணித்தபடி 1897-இல் சென்னை சேர்ந்தார். பிளேக் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த கோயம்புத்தூர்ப் பிள்ளைகளைக் கண்டு அவர் உள்ளம் உருகிற்று. அக்காலை அவருக்கே நிலையான இருப்பிடம் இல்லை. கடற்கரை ஐஸ் ஹவுஸில் அன்பர் ஒருவர் தயவால் தங்கியிருந்தார். அம்மாளிகையும் 1906-இல் ஏலம் போயிற்று. அத்தகைய நிலையில்தான் 1905 பிப்ரவரியில், மயிலாப்பூரில் ஒரு வாடகை வீட்டில், ஏழு சிறுவரோடு மாணவர் இல்லம் தோன்றியது. ‘ராமு’ என்று அன்புடன் அழைக்கப்பெற்ற இராமசாமி ஐயங்கார் பொறுப்பேற்று, வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். சொந்தக் கட்டிடம் திறக்கப்பட்டதோ 1921-இல். சுவாமிகள் 1911-லேயே இக்கல்கத்தாவில் மறைந்தார். கட்டிடத்தை அவர் காணவேயில்லை. பிள்ளைகளைக் கண்டார், அது போதாதா?

“இங்குள்ளவை தமிழ்ப் பிள்ளைகள் அல்லவே” என்று சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் வினவினார். கோவைப் பிள்ளைகள் வங்காளிப் பிள்ளைகளா என்று சசி மகராஜ் வினவவில்லை. இந்நாட்டு உப்பை உண்டு வாழும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

நம் அண்டையிலும் சான்று உண்டு. சியால்டா லொரெட்டோ பள்ளியின் தலைவியாயிருந்த அயர்லாந்துத் துறவி சிரில் மூனி அம்மையார், 1985-இல் தெருச் சிறுமியர்க்குத் தம் பள்ளியையே திறந்துவிட்டார். கட்டணம் செலுத்திப் பயின்ற மாணவியரே அவர்கட்கு எழுத்தறிவித்தனர். பின்னர் அச்சிறுமியர் இரவில் தங்கவும் அப்பள்ளி இடந்தந்தது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. இக்காலத்தில் பிள்ளைகளை நாமாக அழைத்துவந்து வைத்துக்கொள்ளல் ஆகாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொணரவேண்டும். இல்லமும் பதிவு பெற்றிருக்கவேண்டும். இதனைத் தொல்லையென்று சொல்வாருளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. அறத்தின் பெயரால் பிள்ளைகளைக் கொண்டுபோவோர் எல்லாரும் அறவோர் அல்லரே!

மற்றும், கணக்கெழுதுகிறவன் கவலை ஒன்று. ஆர்வம் முதல் மாதத்தில் பெருகும். அரிசியோ பன்னிரண்டு மாதமும் வேண்டும். ஆதலின் இரவுத் தங்கல் இப்பொழுது வேண்டாம். பதிவுக்கு விண்ணப்பம் செய்வோம். அதுவரை, பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் நமது சங்கக் கூடத்தில் ஒருவேளை உணவும் எழுத்தும் அளிப்போம். சாவி செயலாளரிடம் உள்ளது. வங்காளமும் இந்தியும் பேசவல்ல தாய்மார் இருவர் இன்று பெயர் கொடுத்தால், பொங்கல் கழிந்த திங்கட்கிழமையே கதவைத் திறக்கலாம்.