பகையிலும் மறவாத நன்றி

'ஜென்டில்மேன்' என்றால் நல்லுடையும் நயமான பேச்சும் உடையவர் என்றே இன்று பலரும் கருதுகின்றனர். உடையும் பேச்சும் சில நாளில் பழகிவிடும். பண்போ, மாற்றாரை நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்பதில்தான் வெளிப்படும்.

முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற இத்தூத்துக்குடியில், 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி ஆங்கிலேயரின் கடல் வணிகத்தை எதிர்த்தவர் வ.உ.சிதம்பரனார். 1908இல் சிறைப்பட்டார், செக்கிழுத்தார், வழக்கறிஞர் சன்னதையும் இழந்தார். 1912இல் விடுதலையானபோது கப்பலும் இல்லை, தொழிலும் இல்லை.

பின்னாளில் அச்சன்னது மீண்டும் கிடைக்க உதவியவர் வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் சிதம்பரனார். ஆங்கில ஆட்சியை எதிர்த்த கொள்கை வேறு; ஆங்கிலேயர் ஒருவர் செய்த உதவி வேறு என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தவர் அவர். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை அச்சேற்றியதோடு அமையாமல், தம் வீட்டிலும் நாள்தோறும் அழைக்கும் பெயராக அதனை நிலைக்கச் செய்தார்.

நாமோ, மாற்றுக் கட்சியினர், போட்டி வணிகர், பிணங்கிய பங்காளி என ஒருவரை ஒதுக்கியவுடன், அவர் முன்பு செய்த நன்மையையும் சேர்த்தே மறந்துவிடுகிறோம். மனவருத்தத்தால் பேசாதிருக்கும் ஒருவர் என்றோ செய்த உதவியை, இவ்விழா நாளில் நம் பிள்ளைகளிடம் பெயர்சொல்லி நன்றியோடு கூறுவோம். நற்பண்பு அங்கே தொடங்கட்டும்.