46 ஆண்டுகளின் பின் ஒரு இசைத்தட்டு

1990 ஆம் ஆண்டில் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன புகையிரதச் சேவை, 2013 ஆம் ஆண்டிலே மீண்டும் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. பாதை பழையதாயினும் தண்டவாளம் புதிது. அதில் ஏறி இறங்கியோருட் பலர், அது நின்ற நாளிற் பிறந்திராதவர். நெடிய இடைவெளிக்குப் பின் தொடங்கும் எதுவும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை என்பதை வன்னி நேயர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இவ்வுண்மையை இசையுலகிலே காட்டி நின்ற குழு ஒன்று உண்டு. அதன் பெயர் சக்தி.

1960 களின் பிற்பகுதியில் மேனாட்டு றொக் இசை, மூன்று நிமிடப் பாட்டு என்னும் எல்லையைக் கடந்து, நீண்ட உருப்படிகளையும் அரிய தாளக் கணக்குகளையும் நாடலாயிற்று. முற்போக்கு றொக் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கத்துக்கு அணித்தாக நின்றவர், இங்கிலாந்திற் பிறந்த கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லின். 1971 இல் அவர் அமைத்த மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா, மின்கருவிகளின் பேரொலியாற் புகழ்பெற்றது. பின்னர் அப்பேரொலியை விடுத்து, மேடையிலே சப்பணமிட்டு அமர்ந்து அவர் வாசிக்கத் தொடங்கிய குழுவே சக்தி. வீணையைப் போலக் கமகம் பிடிப்பதற்காக அவருடைய கிற்றாரின் விரற்பலகை குடையப்பட்டது; ஒத்து ஒலிக்கும் நரம்புகளும் அதிற் பூட்டப்பட்டன.

தபேலாவில் சாகீர் உசேனும் கடத்தில் விக்கு விநாயக்ராமும் வயலினில் எல். சங்கரும் அவருடன் இணைந்தனர். சங்கரின் இளமைக்காலம் யாழ்ப்பாணத்திலே கழிந்தது. தந்தையார் வி. லட்சுமிநாராயணா அங்கே இசை பயிற்றிவந்தார். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. உலக அரங்குகளிலே ஒலித்த அந்த வயலின், ஊர்விட்டுப் போன ஒரு வீட்டின் வயலின் என்பதை ஈழத் தமிழர் மறத்தல் ஆகாது.

1977 இல் மூன்றாவது இசைத்தட்டு வெளிவந்தபின் குழு கலைந்தது. 1997 இல் மக்லாக்லினும் சாகீர் உசேனும் பழைய பெயரை நினைவூட்டும் புதுக்குழு ஒன்றை அமைத்தனர். அதிலே மண்டலின் வாசித்த யு. ஸ்ரீநிவாஸ், 2014 இல் தமது 45 ஆவது வயதிற் காலமானார். மறுகூட்டம் அத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் 2023 இல், ‘இந்தக் கணம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் சக்தியின் புதிய இசைத்தட்டு வெளிவந்தது. கலையகப் பதிவு என்ற வகையில் 46 ஆண்டுகளின் பின் வந்த முதலாவது இதுவே. கலைஞர்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தவாறே பதிவுசெய்து, இணையத்தின் வழியே ஒருவருக்கொருவர் அனுப்பி இதனை நிறைவேற்றினர். சங்கர் இருந்த வயலின் இடத்தில் கணேஷ் ராஜகோபாலன் அமர்ந்தார். சங்கர் மகாதேவன் பாடினார். விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மைந்தர் செல்வகணேஷ் வந்தார். முல்லைத்தீவுக் கூத்துக் களரியிலே தந்தையின் மத்தளம் மைந்தன் கைக்கு வருவதை இது ஒத்தது. மறைந்த ஸ்ரீநிவாஸின் இடத்திற்கோ வேறு மண்டலின் தேடப்படவில்லை; முதல் உருப்படி அவர் பெயரைத் தாங்கி நின்றது.

மறுகூட்டத்தின் இலக்கணம் இங்கேதான் விளங்குகிறது. வரக்கூடியவர் வருகின்றனர், சில இடங்களை இளையோர் ஏற்கின்றனர், எவராலும் நிரப்பவொண்ணாத இடம் பெயர் சொல்லி மதிக்கப்படுகிறது. பழைய நாளை அப்படியே திருப்பித் தருவதாக அக்குழு பாவனை செய்யவில்லை.

2024 பெப்ரவரியில் அவ்விசைத்தட்டு கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் சாகீர் உசேன் 73 ஆவது வயதில் மறைந்தார். இன்னும் சிறிது காலம் தாழ்த்தியிருந்தால் அந்தத் தபேலாவும் மக்லாக்லினின் கிற்றாரும் ஒரு தட்டிலே மீண்டும் சேர்ந்திரா. பிரிந்தவர் கூடுவதற்கு நல்ல நாள் பார்த்திருப்போர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.