குறிஞ்சியும் நெய்தலும் முட்டும் இடம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டுப் பயணமாகத் திருக்கோணமலைக்குச் சென்று வரலாம் எனச் செயற்குழு கருதியிருக்கிறது. அதன் காரணத்தையும் வழியையும் எடுத்துரைக்குமாறு என்னைப் பணித்தனர்.

தொல்காப்பியர் திணைகள் மயங்குவதை விலக்கவில்லை. ஆனால் நிலங்கள் மயங்குவதில்லை என்கிறார். நம் சோழமண்டலக் கரையைக் கண்டவர்க்கு அது சரியென்றே படும். மணலும் தாழையுந்தான், மலை எங்கோ மேற்கே நிற்கிறது. மாமல்லையில் பாறைகள் உண்டு; எனினும் அவை அலை ஏறி விளையாடும் உயரமே. கோணமலையிலோ நூறு மீட்டருக்கும் மேலான கற்பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. இராவணன் வெட்டு என்று மக்கள் வழங்கும் பிளவின் அருகே நின்றால் காலடியில் நெய்தல், முதுகுக்குப் பின்னே குறிஞ்சி. இலக்கணம் இல்லையென்ற நிலம் ஒன்று இருக்குமாயின் கவிஞன் அதைக் காணாதிருக்கலாமா?

காணாமலே பாடலாமே, சம்பந்தர் பாடவில்லையா என்று சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. இராமேசுவரத்தில் இருந்தபடியே திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடியதாகச் சேக்கிழார் கூறுகிறார். ஆனால் அவர் சீர்காழியில் அமர்ந்து பாடவில்லை. இக்கரையின் கடைசி எல்லை வரை சென்ற பிறகே பாடினார். கைப்பேசியில் படம் பார்த்து எழுதும் நமக்கு அவர் சான்றாக மாட்டார் என்பது என் துணிபு. நம் ஒரகடத்துக்கு அருகிலுள்ள வல்லக்கோட்டையைப் பாடிய அருணகிரிநாதரும் கோணமலைக்குத் திருப்புகழ் பாடியிருக்கிறார். உறவு புதிதன்று.

அங்கிருந்த பழங்கோயிலை 1620களில் போர்த்துக்கீசர் இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். இன்றும் கோயிலுக்குக் கோட்டை வாயிலினூடேதான் போகவேண்டும். வழியில் புள்ளிமான்கள் மேயும். 1950இல் கிணறு தோண்டியபோது பழைய திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடையே 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கின் தோழர் மைக் வில்சன் பாறையடியில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார். நாம் மேலிருந்து பார்க்கப்போகும் அலைக்கடியில் ஒரு கோயில் சிதறிக் கிடக்கிறது.

இனிக் காற்று. மேற்கிலிருந்து வருவதை ஈழத்தார் கச்சான் என்பர். வடக்கிலிருந்து வருவது வாடை. கச்சான் காலத்தில் கீழைக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்திலேதான் அலை பாறையில் மோதும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாள்களிலேயே பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில்தான் மீண்டது. ஆகவே கப்பலுக்கு உகந்த பருவம் வேறு, கவிதைக்கு உகந்த பருவம் வேறு. வாடையில் போவதெனில் மீனம்பாக்கத்திலிருந்து வானூர்திதான். என் வாக்கு அதற்கே. பொங்கல் விடுமுறையும் இசைந்து வரும்.

ஆனால் நண்பர்களே, நம்மில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர். மூன்று நாள் தொடர்ந்து வராவிடில் நான்காம் நாள் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். கடவுச்சீட்டு எடுக்காதவரும் மிகுதி. நிரந்தரப் பணியாளர் பாறைக்குப் போவதும், மற்றவர் அவர் எழுதியதைப் படித்துக் கைதட்டுவதும் என்றால், பத்தாண்டுகளாக ஒரே பாயில் அமர்ந்ததற்குப் பொருள் என்ன? (முன்வரிசையில் இருவர் முகம் சுளிக்கின்றனர், சுளிக்கட்டும்.)

எனவே ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். கடல் கடக்க இயலாதவர் அதே நாளில் இராமேசுவரம் செல்லட்டும்; சனி இரவு புறப்பட்டுத் திங்கள் காலை திரும்பிவிடலாம். அவர்கள் செலவை வட்டமே ஏற்கட்டும். இரு கரையிலும் எழுதியவற்றைப் பெயரிடாமல் அடுத்த கூட்டத்தில் படிப்போம். பாறையைப் பார்த்தவர் யார், பாராதவர் யார் என்று அவையோர் சொல்லட்டும்.

பெயர் தருவோர் பொருளாளரிடம் இன்றே தருக. மாலைப் பணிக்குச் செல்வோர் முதலில் எழுதிக்கொள்ளலாம். பேருந்து இரண்டு மணிக்கு.