முதியோரின் மருந்துச் செலவும் நமது ஜமாஅத்தும்

(ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்குழுக் கூட்டத்தில், மஃரிபுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சற்று முன்னர் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டது. அதில் 'மருத்துவ உதவி' என்ற தலைப்பின் கீழ் வந்த இனங்களைக் கூர்ந்து கேட்டேன். இருதய அறுவைச் சிகிச்சை, கண் அறுவைச் சிகிச்சை, இடுப்பு எலும்பு முறிவு. அனைத்தும் அறுவைச் சிகிச்சைகளே. இதற்காக நிர்வாகத்தினரைக் குறை சொல்லவில்லை. மருத்துவமனை ரசீதுடன் வந்து கதறுபவருக்கு நாம் கொடுக்கிறோம். ஆனால் முப்பது நாள் மாத்திரைக்குப் பணமில்லை என்று இந்தப் பள்ளிவாசல் வாயிலில் எவரும் வந்து நிற்பதில்லை. அது ஒரு பெரிய தொகையாக அவர்களுக்கே தோன்றுவதில்லை. கேட்க வெட்கப்படுகிறார்கள்.

நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் தெருவும் வேண்டாம். நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. கண்ணேறு கழிய ஓதி ஊதச் சொல்லி, தண்ணீர்ப் பாத்திரத்துடன் என்னிடம் வருவார். ஒருநாள், "தலை கிறுகிறுன்னு வருது ஹஜ்ரத்" என்றார். ஓதி ஊதிக் கொடுத்தேன். "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா உம்மா?" என்றும் கேட்டேன். "சாப்பிடுதேன் ஹஜ்ரத்" என்றார். அத்துடன் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நலம் விசாரிக்கச் சென்றபோது, தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதில் மாத்திரைகள் எல்லாம் பாதி பாதியாக உடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்திற்கு நீட்டியிருக்கிறார். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கொண்டுதான் இருந்தார், பாதியாக. எத்தனை என்று நான்தான் கேட்கவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக் கொண்டிருக்கிறது. ஆகவேதான் வழக்கமான உரையை விட்டுவிட்டு இதைப் பேச அனுமதி கேட்டேன்.

சகோதரர்களே! இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்து, காய்ச்சல் மருந்தைப் போன்றதன்று. காய்ச்சல் விட்டால் மருந்தை நிறுத்திவிடலாம். இவற்றை ஆயுள் முழுவதும் அன்றாடம் உட்கொள்ள வேண்டும். நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் இதிலுள்ள ஆபத்து. வலி இல்லாததால், செலவைக் குறைக்க நினைக்கும் ஏழை முதலில் கை வைப்பது இந்த மாத்திரையில்தான்.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. "காப்பீட்டு அட்டை இருக்கிறதே, பிறகென்ன?" என்கிறார்கள். தமிழகத்தில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. அந்த அட்டை மிகப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் உரியது. மாதந்தோறும் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைக்கு அந்த அட்டையைக் காட்ட இயலாது. பக்கவாதம் வந்து படுத்தபின் அட்டை உதவும். பக்கவாதம் வராமல் காக்கும் மாத்திரைக்கு வேறு வழி தேட வேண்டும்.

அந்த வழி நமது மாநிலத்தில் வெகு காலமாகவே இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் தேவையான மருந்துகளை மூலப்பெயரில், மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி, குறைந்த விலைக்கு வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புவது அதன் பணி. இந்த முறையைப் பார்த்துத்தான் இராஜஸ்தான் அரசு 2011இல் தன் மாநிலத்தில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. வெளி மாநிலத்தார் வந்து பார்த்துச் சென்ற ஏற்பாட்டை, ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு நகரப் பேருந்தில் போய்வரும் தூரத்திலிருக்கும் நாம், "கவர்மெண்ட் மாத்திரை கேட்காது" என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்! மேலட்டையில் பளபளப்பு இல்லை என்பதால் மருந்து வேலை செய்யாது என்று நினைப்பது அறியாமை.

நடக்க முடியாதவர் என்ன செய்வது? 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. 45 வயது கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டிற்கே கொண்டுவந்து கொடுப்பது அதன் முறை. 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. நமது தெருக்களில் சில வீடுகளுக்கு அந்தப் பெண்கள் வந்தபோது, கணக்கெடுக்க வந்தவர்கள் என்று அஞ்சிக் கதவைச் சாத்தியதாகக் கேள்விப்பட்டு வருந்தினேன். பதிவு இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சென்று பெயரைப் பதியக் கேளுங்கள். மருந்துச் சீட்டும் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

அடுத்து, தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்கள். இங்கேதான் நமது ஏழைகள் அதிகம் இழக்கிறார்கள். மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மூலப்பெயர்: மெட்ஃபார்மின், அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின் என்பன போல. மற்றொன்று கம்பெனி வைத்த வணிகப் பெயர். உள்ளே இருப்பது ஒன்றே, விலைதான் வேறு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008இல் தொடங்கப்பட்டவை. அவற்றில் வணிகப் பெயருள்ள மருந்தைவிட 50 முதல் 90 சதவீதம் வரை விலை குறைவு என்று அரசு கூறுகிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும், மருந்தாளுநர் படிப்பு முடித்த தனியார் வழியாகவும் நடத்துவதற்காக ஏற்பட்டவை அவை. மாதம் ஆயிரக்கணக்கில் செலவிடும் வீடு, மூலப்பெயரில் வாங்கினால் சில நூறுகளில் முடித்துவிடக் கூடும்.

ஆனால் ஒரு சிக்கல். சீட்டில் வணிகப் பெயர் எழுதியிருந்தால், மருந்துக்கடைக்காரர் தாமாக வேறொன்றை மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் ஒரு விதி கொண்டுவந்து, அதே மாதத்திலேயே நிறுத்தியும் வைத்தது. ஆகவே நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். "டாக்டர், மூலப்பெயரில் எழுதித் தாருங்கள், எங்களால் இந்த விலைக்கு வாங்க முடியவில்லை" என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலானோர் எழுதித் தருவார்கள். மருத்துவரிடம் வறுமையைச் சொல்வதில் இழிவு ஏதும் இல்லை. உடம்பின் நோயைச் சொல்லும் நாம் கையின் நோயையும் சொல்ல வேண்டியதுதானே!

பீடி சுற்றிய தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேலப்பாளையம் தொடங்கி முக்கூடல் வரை இந்தத் தாமிரபரணிக் கரையில் எத்தனை வீடுகளின் அடுப்பு பீடித் தட்டால் எரிந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பத்தமடையில் கோரைப்பாய் எப்படியோ, இங்கே பீடி அப்படி. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. அதன்கீழ் பீடித் தொழிலாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் இலவச மருந்தகங்கள் ஏற்பட்டன. முக்கூடலில் மருத்துவமனையே அமைந்தது. புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றின் சிகிச்சைச் செலவைத் திருப்பித் தரும் ஏற்பாடும் அதில் வந்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017இல் பீடி மீதான அந்த நல வரி நீக்கப்பட்டது. அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் அந்த அடையாள அட்டையைத் தேடி எடுங்கள். மருந்தகத்தில் காட்டி, என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். புகையிலைத் தூசியை நாற்பது ஆண்டு சுவாசித்ததற்கு ஈடாகக் கிடைத்த அட்டை அது. அதை யாரும் தானமாகத் தரவில்லை.

முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித்தர நமது இளைஞர்கள் முன்வர வேண்டும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இனி மார்க்கம் தொடர்பான ஒரு விஷயம். சென்ற ரமலானில் ஓர் அன்பர் என்னிடம் வந்தார். வெளிநாட்டில் நல்ல வேலை. "ஹஜ்ரத், என் உம்மாவின் மருந்துச் செலவை ஸகாத்திலிருந்து கழித்துக் கொள்ளலாமா?" என்றார். கூடாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சட்டம் அதுதான். பெற்றோருக்கு ஸகாத் கொடுக்க முடியாது. ஏனெனில், வசதியுள்ள மகன் மீது வறிய பெற்றோரைப் பராமரிப்பது ஏற்கெனவே கடமை. தன் கடனைத் தன் ஸகாத்தால் அடைக்க முடியுமா? நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பராமரிப்பு என்பதற்குள் உணவு, உடை, உறைவிடத்துடன் மருத்துவமும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் பேசலாம். நமது தாய்மார்கள் யாரும் மகன் மீது மனுக் கொடுக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மாத்திரையைப் பாதியாக உடைப்பார்களே தவிர, மகனைக் காட்டிக் கொடுக்கமாட்டார்கள். அந்தத் துணிச்சலில்தான் சில மகன்மார் இருக்கிறார்கள்.

பிள்ளையற்றவர், பிள்ளையும் ஏழையாய் இருப்பவர் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு ஊரார் தாராளமாக ஸகாத் கொடுக்கலாம். மருந்தாக வாங்கி அவர்கள் கையில் ஒப்படைத்து, அவர்களுக்கே சொந்தமாக்கிவிட வேண்டும். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனைக்கு வக்ஃபு சொத்துகளை எழுதி வைத்து, ஏழை பணக்காரர் பேதமின்றி மருந்தும் உணவும் கொடுக்கச் செய்தார். வக்ஃபு என்றால் கபரஸ்தான் சுவரும் கடை வாடகையும் மட்டுமே என்று ஆகிவிட்ட நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்.

நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை வந்தது. வீடுகளில் மிஞ்சிய மருந்துகளைப் போட, பள்ளிவாசலில் ஒரு பெட்டி வைக்கலாம் என்று. நல்லெண்ணம்தான். ஆயினும் நான் சம்மதிக்கவில்லை. சித்திரை வெயிலில் எத்தனை நாள் கிடந்த மருந்தோ, தேதி முடிந்ததோ, யாருக்கு எழுதியதோ தெரியாது. மவுத்தானவரின் மருந்தை அளவு தெரியாமல் இன்னொருவர் விழுங்குவது உதவியாகாது.

அதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மஹல்லாவில் 60 வயது கடந்த ஏழைகளின் பெயர், மருந்தின் மூலப்பெயர், அது தீரும் தேதி, எங்கே வாங்குகிறார் என்பது. இவ்வளவுதான். நமது பெண்பிள்ளைகளில் பி.பார்ம் படித்தவர்கள் இருக்கிறார்கள். தாய்மார்களிடம் அவர்கள் சென்று கேட்டால் டப்பாவைத் திறந்து காட்டுவார்கள். என்னைப் போன்ற ஆணிடம் "சாப்பிடுதேன்" என்று மட்டுமே சொல்வார்கள். இருசக்கர வாகனம் உள்ள இளைஞர் இருவர் மாதம் ஒருநாள் வாங்கிவந்து கொடுத்தால் போதும். அரசிடம் கிடைப்பதை அரசிடமும், கிடைக்காததை மலிவு மருந்தகத்திலும் வாங்கினால் பைத்துல்மாலுக்குப் பெரிய சுமை வராது. இன்சுலின் போடுபவர் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லையென்றால், அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டில் இடம் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கக் கூடாது. அடுத்த ஆண்டறிக்கையிலும் எண்ணிக்கை மட்டும் வரட்டும், பெயர் வேண்டாம். நோட்டு என்னிடம் இருக்கும். முதல் பக்கத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டேன். அந்த உம்மா இப்போது இடது கையால் மாத்திரையை எடுக்கப் பழகிவிட்டார், முழு மாத்திரையாக. தெரிந்தவர்கள் மற்றப் பெயர்களை வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வந்து சொல்லலாம். வஸ்ஸலாம்.