சூரைச்செடியின் நிழலில்

(பொதுக்காலத்தின் 19-ஆம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. முதல் வாசகம்: 1 அரசர்கள் 19:4-8)



இன்றைய முதல் வாசகத்தில் ஒரு மனிதர் களைத்துப்போய், ஒரு செடியின் அடியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இறைவாக்கினர் எலியா. கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர்களைத் தனியாளாக எதிர்த்து நின்றவர். அவருடைய மன்றாட்டைக் கேட்டு வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. அத்தகைய வீரர், அரசி ஈசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி வருகிறார். கூட வந்த பணியாளரையும் வழியில் விட்டுவிட்டார். பாலைநிலத்தில் ஒரு நாள் முழுவதும் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் வந்து விழுகிறார். இதுவரை வாழ்ந்தது போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கெஞ்சுகிறார்.

அதற்கு ஆண்டவர் என்ன பதில் சொன்னார்? கவனித்துப் பாருங்கள், ஒரு பதிலும் சொல்லவில்லை. "உனக்கு நம்பிக்கை போதாது" என்று கடிந்துகொள்ளவும் இல்லை. முதலில் அவரைத் தூங்க விட்டார். பிறகு வானதூதரை அனுப்பி, சூடான அப்பமும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டவரை மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். நிழல், தூக்கம், உணவு, தண்ணீர். சோர்ந்துபோன தம் ஊழியருக்கு ஆண்டவர் முதலில் கொடுத்த மருந்து இதுதான். அறிவுரையும் அடுத்த வேலையும் பிறகுதான் வந்தன.

அன்புக்குரியவர்களே, நம் சேலம், நாமக்கல் பகுதியில் எத்தனை எலியாக்கள் இருக்கிறார்கள்! இரவு பகலாக விசைத்தறிச் சத்தத்தில் நிற்கிறவர்கள், சேகோ ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் உழைக்கிறவர்கள், ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவர்கள், விடுதிப் பள்ளிகளில் விடியுமுன் எழுந்து இரவு வெகுநேரம் வரை படித்துக்கொண்டே இருக்கும் நம் பிள்ளைகள், தவணை கட்டும் நாள் நெருங்கினாலே தூக்கம் போய்விடும் தாய்மார்கள். "போதும் சாமி" என்று என்னிடம் சொல்லாத குடும்பம் குறைவு.

நாமக்கல் பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர். இருபது வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டியவர். இப்போது அவருக்கு இரத்தக்கொதிப்பு. அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் மதியத்துல ரோட்டோரம் புளியமரத்தடியில வண்டிய நிறுத்தி, துண்ட விரிச்சுப் படுப்போமுங்க சாமி. அரைமணி நேரம் இலையப் பாத்துட்டுக் கெடந்தாப் போதும், ஒடம்பு புதுசா ஆயிரும். இப்ப ரோடு அகலமாயிருச்சு, மரம் இல்ல. ஏசி கேபின்ல படுத்தாலும் தூக்கம் வரமாட்டீங்குதுங்க."

படிப்பறிவு அதிகம் இல்லாத அந்த மனிதர் அனுபவத்தில் சொன்னதை, ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1984-ஆம் ஆண்டு, ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஒரே மாதிரி அறைகள்தான். ஆனால் 23 பேருடைய சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. மரத்தைத் தொடக்கூட இல்லை, படுக்கையிலிருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஜப்பான் நாட்டில் 1982-இல் அரசின் வனத்துறையே மக்களைக் காட்டுக்கு அழைத்தது. 'ஷின்ரின் யோகு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வனக்குளியல் என்று நாம் சொல்லலாம். குளிப்பதற்கு அங்கே தண்ணீர் இல்லை. மரங்களுக்கு நடுவே அவசரமில்லாமல் நடப்பதும், உட்காருவதும், மூச்சு விடுவதும்தான் அந்தக் குளியல். பின்னர் அந்நாட்டின் 24 காடுகளில் சோதனை செய்தார்கள். நகரத்தில் இருந்தபோது இருந்ததைவிட, காட்டில் இருந்தபோது மக்களின் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன. மன அழுத்தத்தின்போது கூடுகிற 'கார்ட்டிசால்' என்ற சுரப்பும் குறைந்திருந்தது.

இது எப்படி நடக்கிறது? பயமோ அவசரமோ வந்தால் நம் உடல் ஓடுவதற்குத் தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உடல் முறுக்கேறி நிற்கிறது. ஆபத்து விலகியதும் இவை தணிய வேண்டும். ஆண்டவர் அப்படித்தான் நம்மைப் படைத்திருக்கிறார். ஆனால் நமக்கு ஆபத்து விலகுவதே இல்லை. கடன்காரரின் அழைப்பு, முதலாளியின் அழைப்பு, நடுவே கைப்பேசியில் வந்து விழும் செய்திகள். உடல் எந்நேரமும் ஓடத் தயாராகவே நிற்கிறது. மரத்தடி அந்த உடலிடம் "இனி ஓட வேண்டாம்" என்று சொல்கிறது. இலையசைவும் பறவைச் சத்தமும் நம் கவனத்தைப் பிடித்து இழுப்பதில்லை, மெல்லத் தொட்டுவிட்டுப் போகின்றன. அதனால் மனது இளைப்பாறுகிறது. மரம் வேரால் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக விட்டுக் காற்றையும் குளிரச் செய்கிறது. தகரக் கொட்டகையின் நிழலும் வேப்பமர நிழலும் ஒன்றல்ல என்பதைக் கத்தரி வெயிலில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விவிலியத்தைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே ஆண்டவர் முளைக்கச் செய்த மரங்களைப் பற்றித் தொடக்கநூல் இரண்டு காரியங்களைச் சொல்கிறது. அவை பார்வைக்கு இனியவை, உண்பதற்கும் நல்லவை. எது முதலில் வருகிறது பாருங்கள். காய்க்குமா, பலகைக்கு ஆகுமா என்று நாம் கேட்கிறோம். மனிதர் உட்கார்ந்து பார்த்து மகிழ்வதற்காகவும் ஆண்டவர் மரத்தைப் படைத்தார். நத்தனியேலை இயேசு எங்கே கண்டார்? அத்திமரத்தின் கீழே. நம் ஆண்டவரும் பாடுகளுக்கு முந்திய இரவில் ஒலிவ மரங்கள் நின்ற தோட்டத்துக்குத்தான் செபிக்கப் போனார். அது அவர் அடிக்கடி சீடர்களோடு போய்ப் பழகிய இடம் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது.

அப்படியானால், எல்லோரும் ஏற்காட்டுக்கு வண்டி ஏற வேண்டுமா? போகலாம், நல்லதுதான். ஆனால் விடுமுறை நாளில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ அவசர அவசரமாக ஏறி, நாற்பது படம் எடுத்து, பிளாஸ்டிக் தட்டுகளைக் காட்டோரம் வீசிவிட்டு, போனதைவிட அதிகக் களைப்போடு இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மலைக்குப் போனார்கள், மரத்திடம் போகவில்லை. எலியாவுக்குக் கிடைத்தது காடு அல்ல, ஒரே ஒரு சூரைச்செடி. அது பாலைநிலத்தில் வளரும் எளிய புதர். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் வீட்டு வாசல் வேம்பு போதும். தெருமுனைப் புங்கமரம் போதும்.

செய்யவேண்டியது எளிது. காலையிலோ மாலையிலோ வெயில் தணிந்த நேரத்தில் ஒரு மரத்தடிக்குப் போங்கள். கைப்பேசியை வீட்டில் விட்டுவிடுங்கள். முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஓர் இலையை முழுதாகப் பாருங்கள். எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று கேளுங்கள். பட்டையைத் தொட்டுப் பாருங்கள், எறும்பு போகும் வழியைப் பாருங்கள். கவலை நடுவில் வரும். வந்தால் அதை விரட்ட வேண்டாம். "ஆண்டவரே, இதையும் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் இலைக்குத் திரும்புங்கள். அதுவும் செபம்தான். இருபது நிமிடம் போதும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு இருந்தவர்கள், தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதலாக இருந்தது. ஒரே நாளில் இருந்தாலும், பிரித்துப் பிரித்து இருந்தாலும் வேறுபாடில்லை. நாளுக்கு இருபது நிமிடம் என்றால் ஆறு நாளில் கணக்கு முடிந்துவிடும். ஏழாம் நாள் கோவிலுக்கு வருகிறீர்கள், அங்கேயும் மரம் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மரத்தடி போதும் என்று இரத்தக்கொதிப்பு மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். எலியாவைப் போலச் சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால், அவரை மரத்தடிக்குத் தனியே அனுப்பாதீர்கள். கூட உட்காருங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆண்டவர் எலியாவைத் தனியே விடவில்லையே, தூதரை அனுப்பினாரே.

இப்போது உங்கள் முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், கோவில் முற்றத்தில் ஒரு பெரிய புங்கமரம் இருந்தது. திருவிழாவுக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை, சருகு கூட்டி மாளவில்லை என்றார்கள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஒரே காலையில் மரத்தை வெட்டிச் சாய்த்து, தரை முழுக்க சிமென்ட் கல் பதித்தாயிற்று. முற்றம் பளிச்சென்று இருந்தது. எனக்கும் பெருமைதான்.

அந்தப் பங்கில் ஒரு வயதான அம்மா. மகனை விபத்தில் பறிகொடுத்தவர். தினமும் காலைத் திருப்பலி முடிந்ததும் அந்தப் புங்கமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். செபமாலை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரம் போன பிறகு அவரை முற்றத்தில் காணவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அழறதுக்குன்னு எனக்கு ஒரு எடம் இருந்துச்சுங்க சாமி. வீட்ல அழுதா மருமக மனசு சங்கடப்படும். இப்ப எங்க போயி அழறதுங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் வரவில்லை. நான் வெட்டச் சொன்னது ஒரு மரத்தை அல்ல, அந்தத் தாயின் சூரைச்செடியை.

புனித அசிசி பிரான்சிஸ் தம் மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை யாரும் தொடாமல் விட்டுவைக்கச் சொல்வாராம். காட்டுப் பூவும் புல்லும் அங்கே தம் போக்கில் வளரட்டும், அவற்றைப் பார்க்கிறவர்கள் படைத்தவரை நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லௌதாத்தோ சி' என்ற திருமடலில் இதை நினைவுபடுத்துகிறார். நம் கொல்லிமலை மக்களும் சில காடுகளைக் கோவில் காடுகள் என்று தலைமுறை தலைமுறையாக வெட்டாமல் காத்து வருகிறார்கள். நாம் மரத்தை வணங்குகிறவர்கள் அல்ல. ஆனால் படைத்தவரை வணங்குகிற நாம், அவர் நட்டதை வெட்டுமுன் ஒரு நாளாவது யோசிக்கலாம் அல்லவா? இங்கே யார் உட்காருகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம் அல்லவா? உங்கள் பங்கில், பள்ளியில், பட்டறையில், தறிக்கூடத்தில் மரம் இல்லையென்றால், இந்த மழைக்காலத்தில் ஒன்றை நடுங்கள். அதன் நிழலில் யார் வந்து அழப்போகிறார்கள், யார் எழுந்து போகப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

எலியா எழுந்தார். அந்த உணவின் வலிமையால் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். அங்கே ஆண்டவர் புயலிலும் இல்லை, நிலநடுக்கத்திலும் இல்லை, நெருப்பிலும் இல்லை. மெல்லிய ஓர் ஒலியில் வந்தார். சூரைச்செடியின் அடியில் அமைதியாகக் கிடந்த காதுக்குத்தான் அந்த ஒலி கேட்டது. வாழ்வு தரும் உணவு நானே என்று இன்றைய நற்செய்தியில் சொல்லும் ஆண்டவர், களைத்துக் கிடக்கும் நம்மையும் எழுப்பி, உண்ணக் கொடுத்து, நடக்கச் செய்வாராக.

எல்லாம் வல்ல இறைவன் தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மரங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.